கண்ணாடி அறையைச் சூடாக்குதல்

பதினாறு. இன்னும் பதினாறுதான். விடிய வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் இரண்டு ஹீற்றரையும் போட்டாள் லோஜினி, இப்போது மத்தியானமும் சாய்கிறது, யன்னல் விளிம்பில் வைத்த வெப்பமானி அசைகிற எண்ணமே இல்லாமல் நிற்கிறது. பதினெட்டுக்குக் குறையக்கூடாது என்று தொலைபேசியில் சொல்லியிருந்தாள் அந்தப் பெண், அபெனா என்று பெயர், ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவள், பாரிசவாதம் வந்து விழுந்தவர்களை வீட்டுக்கு விடலாமா கூடாதா என்று வீட்டைப் பார்த்துச் சொல்வதுதான் அவளுடைய வேலை. இருபது இருந்தால் நல்லது மிஸஸ் குலசிங்கம், பதினெட்டு கட்டாயம், உங்கள் கணவரால் இனிமேல் குளிரைத் தாங்க ஏலாது, நெஞ்சில் சளி கட்டினால் ஆபத்து. லோஜினி தொலைபேசிக்குத் தலையாட்டினாள். அவருக்குப் படி ஏற முடியாது, வலக்கையும் வலக்காலும் போய்விட்டன, கழிப்பறை கீழே குசினிக்குப் பின்னால் இருக்கிறது, அதை ஒட்டினாற்போல இந்தக் கண்ணாடி அறை, ஆஸ்பத்திரிக் கட்டிலும் உள்ளே பிடிக்கும், ஆகவே கண்ணாடி அறை. எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். முதலில் சொன்னது யார் என்று யோசித்தால் நினைவு அந்த இடத்தில் வழுக்கிப் போகிறது, மகனாக இருக்கலாம், அவளாகவும் இருக்கலாம். இன்றைக்கு அபெனா வந்து பார்த்து ஓம் என்றால் கிழமை முடிவதற்குள் குலசிங்கம் வீட்டுக்கு வருவார். இல்லை என்றால் முதியோர் இல்லம். இரண்டுக்கும் நடுவில் இந்த அறையும் இரண்டு பாகைச் சூடும்தான் நிற்கின்றன, இதற்குச் சிரிக்கவேண்டுமா என்று தெரியவில்லை, சிரிக்க வாயைத் திறந்தால் கொட்டாவிதான் வருகிறது.

இந்த அறை வீட்டோடு வந்ததில்லை, குலசிங்கம் தன் கையால் பொருத்திப் பூட்டியது. ஆரோ ஒரு வெள்ளைக்காரர் தன் வீட்டின் பின்பக்கத்தை இடித்தபோது கழற்றிப் போட்ட கண்ணாடிச் சட்டங்களைச் சிநேகிதர் ஒருவரின் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, தபால் தரம்பிரிக்கிற வேலை முடிந்து வந்த கையோடு, ஒரு கோடை முழுக்க நின்று நின்று பூட்டினார். "வெய்யில் இனி வீட்டுக்குள்ளை வந்து குந்தியிருக்கப் போகுது, இருந்து பாரும்." லோஜினி இருந்து பார்த்தாள். கோடையில் அப்பம் சுடலாம், மாரியில் இறைச்சி கெடாமல் வைக்கலாம். அவர் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. வீட்டுக்கு வருகிற ஆட்களையெல்லாம் இங்கேதான் கொண்டுவந்து இருத்துவார், அவர்கள் கோட்டைக் கழற்றாமல், தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, பல் கிடுகிடுக்கக் கதைப்பார்கள். அவரோ கம்பளித் தொப்பி, கழுத்தைச் சுற்றி மஃப்ளர், உள்ளே இரண்டு ஸ்வெட்டர். "குளிரே? எனக்கொண்டும் தெரியேல்லையே." அவருடைய பகிடிகளும் இங்கேதான். மிச்சம் என்கிற இந்த ஊர்ப் பெயரை வைத்து அவர் பகிடி சொல்லாத ஆளில்லை, "லண்டனிலை நல்லதெல்லாத்தையும் மற்றவை எடுத்துப்போட்டினம், எங்களுக்குக் கிடைச்சது மிச்சம்." வந்தவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கிற வாயிலிருந்து புகை வரும். மூலையில் ஒரு பெரிய வாளிக்குள் முருங்கைக் கன்று. ஒவ்வொரு மாரியும் தன் பழைய ஜம்பர் ஒன்றை அதற்குப் போட்டுக் கட்டிவிடுவார், தை மாதம் வர அது செத்துப்போகும், சித்திரையில் இன்னொரு விதை போடுவார். குசினிக் கதவுக் கண்ணாடியால் அவள் பார்த்துக்கொண்டு நிற்பாள், ஒரு மரத்துக்குக் கைவைத்த சட்டை போட்டுவிட்டு அதற்கு முன்னால் கதிரையில் இருந்து பேப்பர் வாசிக்கிற மனுசன், எரிச்சல்தான் வரும், எரிச்சலுக்கு அடியில் வேறு ஏதோ ஒன்றும் அசையும், அது என்னவென்று அவள் தேடிப் பார்த்ததில்லை, தேட நேரம் எங்கே, சோறு வடிக்கவேண்டும், இரவு வேலைக்கு வெளிக்கிடவேண்டும்.

பதினாறரை. அல்லது கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தால் பதினாறரை மாதிரி. எண்ணெய் ஹீற்றர் ஆமை, தானும் மெல்லத்தான் சூடாகும், பக்கத்தில் நிற்கிறவரையும் மெல்லத்தான் சூடாக்கும், ஆனால் நிறுத்தினாலும் கொஞ்ச நேரம் தாங்கும். காற்றடிக்கிற ஹீற்றர் போட்டவுடன் காலைச் சுடும், தலைக்கு ஒன்றும் வராது, நிறுத்தினால் போட்டதே இல்லை என்பது போல ஆகிவிடும். இரண்டும் ஓடும்போது குசினியில் கேத்தலைப் போட முடியாது, போட்டால் மெயின் சுவிட்ச் விழுந்துவிடும், அதனால் வந்ததிலிருந்து ஒரு வாய் தேத்தண்ணி இல்லை, நாக்கு காய்ந்து அண்ணத்தில் ஒட்டுகிறது. கோயிலில் சந்திக்கிற பரிமளா அக்கா தன் கராஜில் காஸ் சிலிண்டர் வைத்து எரிக்கிற ஹீற்றர் ஒன்று சும்மா கிடக்கிறது என்றார், "அந்தமாதிரிச் சூடு பிள்ளை, செலவும் குறைவு, வந்து எடும்," ஆனால் அது எரிய எரியக் கண்ணாடியெல்லாம் தண்ணீர் வடியும், மூச்சுக்கும் கூடாது, யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு எரிக்க வேண்டிய நெருப்பால் யாருக்கு என்ன லாபம். குமிழ் பிளாஸ்ரிக்கை அளந்து வெட்டி, கண்ணாடிக்குத் தண்ணீர் தெளித்து ஒட்டினாள், பொருட்களைச் சுற்றி வருகிற அதே குமிழ் பிளாஸ்ரிக், காசும் பெரிதாக இல்லை, உண்மையிலேயே உதவியது, தோட்டம் மட்டும் அழுத கண்ணால் பார்ப்பது போலக் கலங்கிவிட்டது. கூரைக்கு உள்ளால் வெள்ளித் தாள். நிலத்துக்குக் கம்பளக் கடையில் வெட்டி எறிந்த துண்டுகள், ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை, ஒன்று ஏதோ கந்தோருக்குப் போட்ட சாம்பல். பழைய சாமான் கடையில் தடித்த திரைச்சீலை, அதில் இன்னொரு வீட்டின் நாய் மணக்கிறது. கரண்ட் கம்பளி ஒன்று வாங்கிப் போடுங்கோ என்றான் மகன், "ஆளைச் சூடாக்கினாக் காணும் அம்மா, அறையைச் சூடாக்கத் தேவையில்லை," கெட்டிக்காரப் பேச்சுத்தான், ஆனால் உடம்பின் ஒரு பக்கம் உணர்ச்சி இல்லாத ஆளுக்குக் கரண்ட் கம்பளி போடக்கூடாது, சுட்டாலும் தெரியாது, தெரிந்தாலும் சொல்ல வாய் வராது. இது அவளுக்குத் தெரியும். இதெல்லாம் தெரிந்திருப்பதுதான் களைப்பு.

ஏனென்றால் இதுதான் அவளுடைய தொழில். மகன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்திலிருந்து முதியோர் இல்லத்தில் வேலை, அதுவும் இரவு வேலை, ஆட்களைப் புரட்டுவது, தூக்குவது, துடைப்பது. ஒரு பெரிய உடம்பை ஒருபக்கம் சரித்து, அடியில் விரிப்பைச் செருகி, மற்றப்பக்கம் சரித்து இழுத்தெடுப்பதை அவள் கைகள் நித்திரையிலும் செய்யும். முதுகின் அடியில் ஓர் இடம் இருக்கிறது, பெருவிரலால் மூடிவிடலாம், அவ்வளவு சின்ன இடம், அது நோகத் தொடங்கினால் ஆளை நான்காக மடித்துப் போட்டுவிடும். இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்கவேண்டும் என்பது விதி, இரவில் இரண்டாவது ஆள் எப்போதும் வேறு அறையில் நிற்பார். இனி விடிய அங்கே முடித்துவிட்டு வந்து இங்கே தொடங்கவேண்டும். குலசிங்கம் எலும்பு கனத்த மனுசன். கணவர்மாரைக் கொண்டுவந்து இல்லத்தில் விடுகிற மனைவிமாரை அவள் கண்டிருக்கிறாள், முதல் கிழமை ஒவ்வொரு நாளும் அழுதுகொண்டு வருவார்கள், கொஞ்சக் காலம் போகத் தலைமயிரைப் புது மாதிரி வெட்டிக்கொண்டு வருவார்கள், முகத்தில் ஒரு நிறம் திரும்பியிருக்கும். அவர்களை அவள் குறை நினைத்ததில்லை. அந்த நிறத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பாள். அங்கே முன்பு ஒரு போர்த்துக்கல் மூதாட்டி இருந்தார், லூர்தெஸ் என்று, பாரிசவாதத்தில் இங்கிலீஷ் முழுக்க அழிந்து பிறந்த மொழி மட்டும் மிஞ்சியிருந்தது, அதிலும் ஒரே சொல்லைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார், ஜனேலா, ஜனேலா. தண்ணீர் கொடுத்தார்கள், தட்டிவிட்டார். மகளின் பெயராக்கும் என்றார்கள். லோஜினி ஒருநாள் போர்வை மடித்துக்கொண்டு நின்றபோது அந்தச் சொல் காதுக்குள் போய்த் திரும்பிப் பார்த்தது. ஜனேலா. ஜன்னல். யன்னல். போய்த் திரைச்சீலையை விலக்கினாள். மூதாட்டி அடங்கிப்போய், வெளியே வாகனங்கள் விடுகிற வளவைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். வீட்டுக்கு வந்து குலசிங்கத்திடம் சொன்னபோது அவருக்குப் பெரிய புளுகம், சந்தோசம் தாங்கவில்லை, இதே அறையில், இதே கதிரையில், "அது பறங்கியர் எங்களிட்டை விட்டிட்டுப் போன சொல்லெல்லே, கதிரை, அலமாரி, நீர் போட்டிருக்கிற சப்பாத்து, எல்லாம் அவங்கடை சாமான்தான்." அன்றைக்கு அவள் சிரித்தாள். இன்றைக்கு அது சிரிப்பாக இல்லை, ஏனென்றால் இப்போது குலசிங்கத்தின் இங்கிலீஷும் போய்விட்டது, அத்தனை வருசம் தபால் கந்தோரில் கதைத்த இங்கிலீஷ் ஒரு காலைப்பொழுதில் துடைத்துவிட்டது போலப் போய்விட்டது, தமிழிலும் கையளவு சொற்கள்தான், லூர்தெசின் வாய்ச்சொல் தன் சொல்லுக்குப் பக்கத்தில் இருந்தபடியால் அவளுக்கு விளங்கியது, குலசிங்கத்தின் சொல்லுக்குப் பக்கத்தில் எந்த இல்லத்தில் யார் இருப்பார்கள்.

நேற்று வார்டுக்குப் போனபோது தாதி ஓடி வந்தாள், காலையிலிருந்து எதையோ கேட்டபடி இருக்கிறார், எங்களுக்கு விளங்கவில்லை, கோபப்படுகிறார். அவர் லோஜினியைக் கண்டதும் இடக்கையால் காற்றைத் தள்ளினார். "அங்காலை," என்றார், "அங்காலை." போகச் சொல்கிறார் என்று நினைத்துத் தாதி பின்வாங்கினாள். "என்னப்பா, என்னத்தை?" குனிந்து பார்த்தாள், சாப்பாட்டு மேசையின் விளிம்பு அவருடைய முழங்கைக்குள் குத்திக்கொண்டு நின்றது, வலப்பக்கம், நோ தெரியாத பக்கம், ஆனால் மேசை தன் உடம்புக்குள் நுழைந்து நிற்பதை அவர் கண்ணால் கண்டிருக்கிறார், கண்டு காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். அவள் மேசையை அங்காலை, அந்தப் பக்கமாகத் தள்ளினாள். அவ்வளவுதான். தாதி, ஓ, என்றாள். பிறகு அவர் அவளுடைய கையைப் பிடித்தார், கோணின வாயால் மெல்ல ஒவ்வொரு சொல்லாக எடுத்து, "கை... விறைச்சுப் போச்சு," என்றார், வெளிக்குளிரில் வந்த அவளுடைய கையை விடாமல் தன் விரல்களால் தேய்த்தார், ஒரு கையால் ஒரு கையைத் தேய்ப்பது சுலபமில்லை, அது நழுவி நழுவிப் போனது, திரும்பத் திரும்பப் பிடித்தார். குளிர் என்று ஒன்று உலகத்தில் இருக்கிறதென அந்த மனுசன் ஒத்துக்கொண்டது அதுதான் முதல்தரம். பஸ்ஸில் வரும்போது அந்தக் கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டே வந்தாள், என்னவோ பத்திரப்படுத்துவது போல, பிறகு வெட்கப்பட்டு வெளியே எடுத்தாள்.

தோட்டத்துக்குப் போகிற கதவின் அடியால்தான் குளிர் வருகிறது. காலுக்குத் தெரிகிறது, ஒரு மெல்லிய கத்தி மாதிரி. பழைய துவாயைச் சுருட்டிக் கயிறு கட்டி வைத்திருக்கிறாள், கதவடியில் வைத்து அமத்தினால் சரி, அரைப் பாகையாவது ஏறும், குந்தியிருந்தும் விட்டாள், துவாய் மடியில் கிடக்கிறது, கை மட்டும் அதை எடுத்து வைக்கவில்லை. ஏன் வைக்கவில்லை. முதுகு, என்று சொல்லிப் பார்த்தாள். களைப்பு, என்று சொல்லிப் பார்த்தாள். அப்போதுதான் அந்தப் பயம் வந்தது, திருடன் மாதிரி ஒளித்து வரவில்லை, வீட்டுக்காரன் மாதிரி நேரே வந்தது, இந்த அறை சூடாகாமல் போனால் நல்லது என்று உனக்குள் ஒருத்தி நினைக்கிறாள். அப்படி இல்லை. அப்படி இல்லாவிட்டால் துவாயை வை. அவர் விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு அவள் என்ன செய்தாள், விடிய வந்து முன் அறைக் கதவைச் சாத்திவிட்டு நித்திரை கொண்டாள், ஒருவரும் "இஞ்சாரும்" என்று கூப்பிடாத நித்திரை, எழும்பி ஒரு துண்டு பாணுக்கு வெண்ணெய் பூசித் தின்றாள், அதுதான் சாப்பாடு, ஒருவருக்கும் கறி வைக்கவில்லை, முதல் நாட்களில் அழுகை வந்தது, பிறகு அழுகைக்கு நடுவில் பாண் ருசியாக இருந்தது. முன் அறை. ஒரு மாரியில் இருமலோடு கீழே வந்து அங்கே படுத்தவள், இருமல் போன பிறகும் மேலே போகவில்லை, இரவு வேலைக்காரிக்குப் பகலில் இருட்டு வேண்டும் என்று தடித்த திரைச்சீலை வந்தது, பிறகு தையல் மெஷின் வந்தது, பிறகு றேடியோ, யன்னலுக்குக் கீழே றேடியேற்றர், வீட்டிலேயே முதலில் சூடாகிற அறை அதுதான். அவரும் ஒன்றும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை, ஒரு வார்த்தைச் சண்டைகூட இல்லாமல் ஒரு கலியாணம் இரண்டு தட்டாகப் பிரிந்து, மேலே அவர், கீழே அவள். அந்த அறையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை, ஆஸ்பத்திரியிலும் இல்லை, மகனும் இல்லை, அதைப் பற்றி நினைக்கப் போனால் அவளுடைய நினைவே வழியில் வேறு தெருவுக்குள் திரும்பிவிடுகிறது, இதோ இப்போதும், துவாய், துவாயைப் பற்றித்தானே யோசித்துக்கொண்டிருந்தேன்.

கைபேசி அடித்தது. நிரோஷன், மன்செஸ்டரிலிருந்து, ஒரே மகன். "அம்மா, அவ வந்திட்டாவே?" "இன்னும் இல்லையடா." "எத்தினை நிக்குது?" வெப்பமானியை இங்கிருந்து வாசிக்க முடியவில்லை, "பதினேழு," என்றாள். "அப்ப சரிவரும். அப்பா எப்பவும் அந்த அறையிலைதானே இருந்தவர், அவருக்கும் சந்தோசமா இருக்கும்." "ஓம்." "என்ன குரல் ஒருமாதிரிக் கிடக்கு, சாப்பிட்டனீங்களே?" "சாப்பிட்டனான்." "அம்மா, உங்களுக்கு ஏலாட்டிச் சொல்லுங்கோ, என்ன?" அவன் நல்ல பிள்ளை, உண்மையாகத்தான் கேட்கிறான், ஆனால் அந்தக் கேள்வியை மன்செஸ்டரிலிருந்து கேட்கிறான், ஏலாது என்று சொன்னால் அவன் என்ன செய்வான், ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவான், தகப்பனைத் தூக்கப் போய்த் தன் முதுகைப் பிடித்துக்கொண்டு இருப்பான், திரும்பிப் போகும்போது வாசலில் அவளைக் கட்டிப்பிடிப்பான். "ஏலும்," என்றாள். வாய் அந்தச் சொல்லைத்தான் பழகியிருக்கிறது. போனை வைத்துவிட்டு, நாரியை, அந்த முதுகின் அடியை, பிடித்துக்கொண்டு எழும்பி, துவாயைக் காலால் தள்ளிக் கதவடியில் அமத்தினாள். அவளுக்குள் இருந்த ஒருத்தி அதைச் செய்தாள். எந்த ஒருத்தி என்று கேட்கப் பலமில்லை.

அபெனா வந்தபோது வெளியே வெளிச்சம் வடியத் தொடங்கியிருந்தது, இந்த ஊரில் மார்கழி மாதத்து மத்தியானம் வந்த சுவட்டோடேயே போய்விடும். நடுத்தர வயது, கட்டையான ஆள், மூச்சு வாங்கியபடி உள்ளே வந்து, சப்பாத்தைக் கழற்றட்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் கழற்றியும் விட்டாள், லோஜினிக்கு அது பிடித்தது. கதவுகளின் அகலத்தை அளந்தாள். கழிப்பறைக்குள் போய் நின்று கைகளை விரித்துப் பார்த்தாள். கண்ணாடி அறைக்கு வந்து கதிரையில் இருந்தாள், கோட்டைக் கழற்றவில்லை. சுவரெல்லாம் ஒட்டியிருந்த குமிழ் பிளாஸ்ரிக்கை, வெள்ளித் தாளை, மூன்று நிறக் கம்பளத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "இதெல்லாம் நீங்கள் தனியாகவா செய்தீர்கள்?" "ஓம்." வெப்பமானி பதினெட்டை எட்டியும் எட்டாமலும் நின்றது. "இது இப்போதைய சூடு. விடியற்காலையில் எப்படி இருக்கும்?" பதில் தயாராக இருந்தது, இரவு முழுக்க ஹீற்றர் ஓடும், திரைச்சீலையை இழுத்து மூடுவேன், சூடு நிற்கும், பஸ்ஸில் வரும்போதே இங்கிலீஷில் அடுக்கி வைத்த பதில். லோஜினி வாயைத் திறந்தாள். "விறைக்கும்," என்றாள். "காலமை நான் வேலையால் வரும்போது உள்ளுக்கு வாயால் புகை போகும்." அபெனா தலையசைத்தாள். "நன்றி," என்றாள், எதற்கு நன்றியோ. "இங்கே அவரை விட முடியாது, மிஸஸ் குலசிங்கம். எத்தனை ஹீற்றர் வைத்தாலும் இது வெளிதான். கண்ணாடி போட்ட வெளி." அப்படியென்றால் முடிந்தது. நெஞ்சுக்குள் வெந்நீர் ஊற்றியது போல ஒன்று இறங்கியது, இதமாக, எவ்வளவு இதம், காலிலிருந்து தலைவரைக்கும் கட்டியிருந்த கயிறு அவிழ்ந்தது போல, அது இறங்கி முடிவதற்குள் அதன் குதிக்காலை மிதித்துக்கொண்டு வெட்கமும் வந்துவிட்டது.

நடையால் வாசலுக்குப் போகும்போது அபெனா ஒரு கதவுக்கு முன்னால் நின்றாள், கதவிடுக்கால் வந்த சூடு அவளுடைய கையில் பட்டிருக்கவேண்டும். "இது?" லோஜினி முந்திக்கொள்ளப் போனாள், அது சும்மா, சாமான் கிடக்கு, ஆனால் கதவு ஏற்கெனவே பாதி திறந்து நின்றது, மடித்து வைத்த படுக்கை, தையல் மெஷின், யன்னலுக்குக் கீழே றேடியேற்றர் மெல்லிய சத்தத்தோடு, ஆள் இல்லாத அறைக்குள் எவ்வளவு சூடு. "என்ரை அறை," என்றாள், தமிழில் வந்துவிட்டது, பிறகு இங்கிலீஷில், என்னுடைய அறை. இரண்டு மொழியிலும் அவள் அந்தச் சொல்லைச் சொன்னது இதுதான் முதல்தரம், சொன்ன சத்தம் நடைக்குள் நின்றது. அபெனா உள்ளே காலை வைக்கவில்லை. வாசற்படியில் நின்றபடியே கண்ணால் அளந்தாள், லோஜினி அதைக் கண்டாள், தானும் பல வீடுகளில் அப்படி அளந்திருக்கிறாள், இங்கே கட்டில், இங்கே ஆளைத் தூக்குகிற மெஷின், பக்கத்தில் கொமோட் கதிரை, திரும்ப இடம் காணும். "எல்லாம் உள்ளே பிடிக்கும்," என்றாள் அபெனா மெதுவாக. "சூடும் இருக்கிறது. ஆனால் இது உங்களுடையது என்று சொன்னீர்கள்." கையிலிருந்த அளவு நாடாவைச் சுருட்டினாள். "கீழ்த்தட்டில் தோதான அறை இல்லை என்று நான் சொல்லலாம். அது பொய்யில்லை. ஒருவரும் உங்களைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள். அவருக்கு நல்ல இடமாகப் பார்ப்போம்."

ஒன்றும் பேசத் தேவையில்லை, சும்மா நின்றாலே போதும், இவ்வளவு சுலபமாகவா, வாழ்க்கையில் ஒன்றும் இவ்வளவு சுலபமாக வந்ததில்லை. நல்ல இடம் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும், சுத்தமாக இருக்கும், அங்கே வேலை செய்கிற பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை, அவளைப்போல நாரி நோகிற பிள்ளைகள்தான், அங்காலை என்று அவர் சொல்லுவார், ஒருத்தி தண்ணீர் கொடுப்பாள், ஒருத்தி போர்வையை இழுத்துவிடுவாள், மேசை அந்த முழங்கைக்குள்ளேயே நிற்கும், அவர் கோபக்காரர் என்று பெயர் எடுப்பார், பிறகு கோபமும் போய், சொல்வதை விட்டுவிடுவார், சொல்வதை விட்டவர்களை அவள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள், அவர்கள்தான் கரைச்சல் இல்லாத ஆட்கள். இந்தப் பக்கம் இந்த அறை, அந்தக் கதவு, சாத்தினால் சாத்தினதுதான். முதுகின் அடியில் அந்த இடம் மெல்ல எழும்பியது, அவளுக்கு முன்னால் அதுதான் பேசியது போல. "ரெண்டு பேர் வரவேணும்," என்றாள் லோஜினி. அபெனா விளங்காமல் பார்த்தாள். "ஒவ்வொரு தரமும் ரெண்டு பேர். காலையிலும், மத்தியானமும், பின்னேரமும், படுக்கைக்கு முன்னமும். தூக்குகிற மெஷின் வேணும். நான் அவரைத் தூக்க மாட்டன்." குரல் நடுங்கவில்லை, அது அவளுக்கே அதிசயமாக இருந்தது. "ஊரான் எல்லாரையும் நான் தூக்குறன், அது என்ரை வேலை. வீட்டிலை நான் அவருக்குச் சாப்பாடு தீத்துவன், கதைப்பன், அவர் சொல்லுறது என்னெண்டு மற்ற ஆக்களுக்குச் சொல்லுவன். தூக்க மாட்டன். அதுக்கு ஓம் எண்டால் என்ரை அறையை எடுங்கோ." எந்த இங்கிலீஷில் இதைச் சொன்னாளோ, சரியோ பிழையோ, முழுவதும் போய்ச் சேர்ந்திருக்கவேண்டும், ஏனென்றால் அபெனா சிரிக்கவும் இல்லை, தோளைத் தட்டவும் இல்லை. "கிடைக்கும் என்று வாக்குத் தர மாட்டேன்," என்றாள். "கேட்பேன். இழுத்தடிப்பார்கள், இரண்டு பேருக்குப் பதில் ஒருவர் போதாதா என்பார்கள். கிடைக்கும்வரை அவரை ஆஸ்பத்திரியை விட்டு அனுப்ப வேண்டாம் என்று நான் சொல்லுவேன். நீங்களும் ஒருவருக்கும் ஏலும் என்று சொல்லிவிடாதீர்கள்." "சொல்ல மாட்டன்," என்றாள் லோஜினி.

அபெனா போன பிறகு லோஜினி கண்ணாடி அறைக்குள் வந்து ஹீற்றர்களை நிறுத்தினாள். காற்றடிப்பது நின்றதும் வீடு பெரிதாகிப்போனது. வெளியே தோட்டம் இருண்டுகொண்டு வந்தது, சூடு எந்த வழியால் போகிறதென்று தெரியாமலே போய்க்கொண்டிருந்தது, போகட்டும், அவள் நிற்கவில்லை. முன் அறைக்குப் போய்த் தலையணையையும் போர்வையையும் எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள், மற்றதெல்லாம் பிறகு, தையல் மெஷினை நிரோஷன் வந்து தூக்கட்டும், அதற்கென்றாலும் வரட்டும். படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். மேல் அறையில் குளிர் குந்தியிருந்தது, ஆளில்லாத அறைக்கு எதற்கு என்று அவள்தான் இங்கே றேடியேற்றரை மூடிவிட்டிருந்தாள். அகலக் கட்டில், அவர் எழும்பிப்போன நாளைய மடிப்பு விரிப்பில் அப்படியே கிடந்தது, யன்னல் பக்கத்துத் தலையணையில் ஒரு பள்ளம், எண்ணெய் மணம். இந்த மணத்தோடு படுக்க ஏலுமா என்று ஒரு கணம் நின்றாள். பிறகு குனிந்து, நாரி ஒரு தரம் கத்தியது, றேடியேற்றரின் திருகைத் திறந்தாள். சுவருக்குள் எங்கோ தண்ணீர் முட்டி மோதி, குழாய் இரண்டு தரம் இருமியது. இரும்பில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள், பச்சைத் தண்ணீர் மாதிரிக் குளிர்ந்து கிடந்தது. கோட்டைக் கழற்றாமலே கட்டிலின் மற்றக் கரையில், தன் தலையணையில், சுவரைப் பார்த்துச் சரிந்தாள், போர்வையைக் காதுவரை இழுத்தாள், கொஞ்ச நேரம் பார்ப்போம், சூடு வந்ததும் கோட்டைக் கழற்றிவிட்டு ஒழுங்காகப் படுப்போம், இன்றைக்கு வேலைக்கு வரேல்லை என்று அவர்களுக்குச் சொல்லவேண்டும், என்ன சொல்வது, ஏலாது என்று சொல்வது, அவ்வளவுதான், ஏலாது. சூடு எப்போது வந்ததென்று அவளுக்குத் தெரியாது. அதற்கு முன்னமே நித்திரையாகிவிட்டாள்.